மில்பிடாஸ் நூடுல்ஸும் காணாமல் போன மாமியாரும்

கலிபோர்னியாவில் லிவர்மோர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் எங்கே சாப்பிடலாம் என்று பலர் கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியைப் பார்த்தாலே எனக்கு 1999 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்துவிடும். ஈரோட்டிலிருந்து மாமியார் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கணவர் ஆபீஸ் வேலையாக டல்லாஸ் போய்விட்டார். அத்தையைக் கோயிலுக்கு அழைத்துப் போகும் பொறுப்பு, லைசன்ஸ் வாங்கி ஆறே மாதமான என் தலையில்.

தரிசனம் முடிந்து கிளம்பும்போது மணி பன்னிரண்டரை. 680 ஃப்ரீவேயில் மலை இறங்கினால் மில்பிடாஸ் முப்பது மைலுக்குள்தான். அங்கே சீன மார்க்கெட்டை ஒட்டி ஒரு ஃபுட் கோர்ட். "போனதும் சாப்பாடுதான் அத்தை" என்று நான் ஜம்பமாகச் சொன்னதை நம்பி, எக்ஸிட் எடுக்கும்போதே அவர் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டார்.

உள்ளே தேர்த் திருவிழாக் கூட்டம். காலியாக இருந்த ஒரே மேஜையில், நம் ஊர் வழக்கப்படி, இடம் பிடிக்க அத்தையை உட்கார வைத்தேன்.

"ஆரு வந்தாலும் ஆள் வருதுன்னு சொல்லிருங்கத்தை."

எந்த மொழியில் சொல்வார் என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்!

வரிசை நகரவே இல்லை. வெஜிடபிள் ஃப்ரைடு நூடுல்ஸ் ஐந்து டாலர். நோ மீட், நோ எக், நோ ஃபிஷ் சாஸ் என்று நான் குடைந்த குடைச்சலில் கடைக்காரம்மா, "யெஸ், யெஸ், ஒன்லி வெஜிடபிள்!" என்று சலித்துக்கொண்டார். ஆரஞ்சு ஜூஸும் வாங்கிக்கொண்டு திரும்பினால், எங்கள் மேஜையில் வேறொரு குடும்பம் சூப் குடித்துக்கொண்டிருக்கிறது. அத்தையைக் காணோம்.

ரெஸ்ட்ரூமில் இல்லை. மார்க்கெட்டில் இல்லை. "அத்தை! அத்தை!" என்று கத்தினேன். மாத்திரை போட்டுச் சாப்பிடாத உடம்பு, எங்கே மயங்கிக் கிடக்கிறாரோ! கையில் செல்போன் கிடையாது. அவருக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. 'கிரீன் சாரி' என்று நான் உளறியதைக் கேட்ட ஒருவர், "லாங் டிரஸ்? அவுட்சைட்" என்று கதவைக் காட்டினார்.

தட்டோடு ஓடினேன். எங்கள் வண்டியின் கதவுப் பிடியை இறுகப் பிடித்தபடி அத்தை நின்றிருந்தார். முகமெல்லாம் வியர்வை, கை கிடுகிடுவென்று ஆடியது. முதலில் ஜூஸைக் குடிக்க வைத்தேன். பிறகு வண்டியின் முன்பக்கத்தில் தட்டை வைத்து, நூடுல்ஸைக் கையால் எடுத்து ஊட்டினேன். பாதித் தட்டு காலியான பிறகுதான் பேச்சு வந்தது.

"அவுங்க வந்து சிரிச்சுக்கிட்டே என்னமோ சொன்னாங்க. எந்திரிக்கச் சொல்றாங்கன்னு எந்திரிச்சுட்டேன். உன்னையத் தேடுனா காணோம்."

"நான் வரிசையிலதானுங்கத்தை நின்னேன்."

"வண்டியப் பார்த்தப்பறந்தான் உசுரு வந்துச்சு. என்னைய உட்டுட்டுப் போயிட்டயோன்னு நெனச்சுட்டேன் கண்ணு."

அதுவரை பட்ட பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது எனக்கு. அடுத்த வாயை ஊட்டக் கை எழவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நூடுல்ஸ் அருமை, காரம் குறைவு. முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேஜையில் உட்காருவது அங்கே சகஜம். யாரும் யாரையும் எழுப்புவதில்லை. மாத்திரையைத் தட்டு கைக்கு வந்த பிறகு கொடுங்கள். பெரியவர்களை இடம் பிடிக்க மட்டும் உட்கார வைக்காதீர்கள். வரிசையில் உங்கள் கூடவே நிற்கட்டும். இடம் போனால் போகிறது, நின்றுகொண்டே சாப்பிடலாம்.