நாலு நிறத்தில் ஏழு

“நடுவுல நிறம் எப்படிப்பா மாறுது? அது ஏன் சரியா நூத்தி முப்பத்தேழு?”

கேட்டவர் கணினி மன்றப் போட்டியின் நடுவர். மேடையில் திருதிருவென்று விழித்தவனுக்கு வீட்டில் வாலு என்று பெயர். இருபது வயதாகியும் அது போகவில்லை. பதில் தெரிந்தவள் கடைசி வரிசையில் இருந்தாள். அவன் அக்கா, டிவி பழுதுபார்க்கும் கடையில் வேலை.

அவர்கள் வீட்டுப் பழைய கணினி ஒரு நேரத்தில் நாலு நிறம்தான் காட்டும். போட்டிக்காக மாலைக் கடலை வரையப் போன வாலு, நாலையும் வானத்துக்குச் செலவழித்த பிறகு கடலுக்கு நிறமில்லாமல் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

“மக்கு, படம் திரையில மொத்தமாவா விழுது? மேலேருந்து கோடு கோடா இறங்குது. பாதி இறங்கினதும் நிறத்தை மாத்து” என்றாள் அக்கா.

“கண்ணு சிமிட்டுறதுக்குள்ள இறங்கிடுமே?”

“நீ சிமிட்டு. மெஷின் சிமிட்டாது.”

பாதி இறங்கும்வரை கணினியைச் சும்மா எண்ண வைக்க வேண்டும். எதுவரை? வானம் முடிய வேண்டிய இடத்தில் திரைமேல் ஒரு டேப்பை ஒட்டினாள். நூறு போட்டால் கடல் வானத்தில் ஏறியது. நூற்றைம்பது போட்டால் வானம் கடலில் வழிந்தது. ஞாயிறு முழுக்கக் கூட்டிக் குறைத்து நூற்று முப்பத்தேழில் நிறுத்தினாள். மேலே நாலு, கீழே நாலு, கறுப்பு பொது. ஆக ஏழு.

முதல் பரிசு, ஒரு கணினி நிறுவனத்தில் பயிற்சி இடம். போட்டிப் படிவத்தில் இரண்டு பெயருக்கு இடமிருந்தது. வாலு தன் பெயரை மட்டும்தான் எழுதினான்.

“சும்மா தோணிச்சு சார்” என்று இப்போது மேடையில் உளறினான்.

“சும்மா தோண இது என்ன லாட்டரியா?”

போதாததற்கு, மன்றத்துக் கணினியில் வானம் கடலுக்குள் வழிந்து கிடந்தது. அக்கா எழுந்து வந்தாள். “தம்பிக்கு மேடைன்னா நாக்கு ஒட்டிக்கும் சார். இந்த மெஷின் கொஞ்சம் மெதுவா எண்ணுது” என்றபடி நூற்று இருபத்தொன்று தட்டினாள். வானம் வானத்தில் நின்றது.

“நீங்க யாரும்மா? படிவத்துல ஒரு பேருதானே இருக்கு?”

அவள் வாலுவைப் பார்த்தாள். சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது.

“எங்க அக்கா சார். துணைக்கு வந்திருக்கா.”

“ஆமா சார், துணைக்கு” என்றாள் அவள்.

பயிற்சி இடம் அவனுக்குக் கிடைத்தது. திரும்பும் பேருந்தில் “அக்கா, அந்தப் படிவத்துல...” என்று இழுத்தான்.

“ஜன்னலை மூடு, தூசி வருது” என்றாள். அவள் திட்டியிருந்தால் அன்றிரவு அவனுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மூன்று மாதம் கழித்து மன்றத்துக்கு உண்மையை எழுதினான். முடிவு வெளியானபின் பெயர் சேர்க்க முடியாது என்று பதில் வந்தது. நிறுவனத்தில் வாய்விட்டே சொன்னான். “பாரு, எவ்வளவு அடக்கம்!” என்று முதுகில் தட்டினார்கள். அவள் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறாள்.

அவன் வாயால் சொன்னது எடுபடவில்லை. படித்த நீங்களாவது நாலு பேரிடம் சொல்லுங்கள்: அந்தக் கடலும் வானமும் டிவி கடை அக்காவுடையவை.