ஒத்திகையில் அடிபட்டவர்

மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கடற்கரையில் சைரன் கம்பம் நட்ட பிறகு, புயல் வந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தர அதிகாரிகள் வந்தார்கள். சைரன் கேட்டதும் அடுப்பை அணைக்க வேண்டும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஏற வேண்டும், கரைப்பக்கம் போகவே கூடாது. எங்கள் ஊர்ப் பெண்களிடம் கடலைப் பார்க்காதீர்கள் என்று சொன்ன முதல் ஆட்கள் அவர்கள்தான்.

ஒத்திகைக்கு அடிபட்ட ஆள் ஒருவர் தேவைப்பட்டார். வலையைக் காயப் போட்டுவிட்டுச் சும்மா இருந்த அப்பாவைப் பிடித்தார்கள். நெற்றியில் சிவப்பு மை பூசி, காலில் கட்டுப் போட்டு, ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்பா நல்ல கனம். முன்னால் பிடித்திருந்த சித்தப்பா மூச்சிரைத்தபடி, "சிரிக்காம கிடயும் அண்ணே" என்றார். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மாடியில் எல்லோரும் கை தட்டினார்கள். பிழைத்ததற்காக அவருக்கு மட்டும் இரண்டு டம்ளர் எலுமிச்சைச் சாறு கிடைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சைரன் மெய்யாகவே ஊதிய காலையில் அப்பா கடலில் இருந்தார். முந்தின நாள் அவர் போகும்போது வானம் தெளிவாகத்தான் இருந்தது. அம்மா அடுப்பை அணைத்தாள், என் கையைப் பிடித்தாள், எல்லாம் சொல்லித்தந்தபடியே செய்தாள். தெருமுனை வந்ததும் என்னைச் சித்தியிடம் தள்ளிவிட்டுக் கரைக்கு ஓடினாள். ஆள் கடலில் இருந்த எல்லா வீட்டுப் பெண்களும் ஓடினார்கள். சித்தப்பாதான் அவளை மாடிக்கு இழுத்து வந்தார். சேலையெல்லாம் மணல்.

"அங்க அவருக்கு இந்தச் சத்தம் கேக்காதுல்லா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

எனக்கு அவள் அழுவது வீண் என்று பட்டது. மாடிச் சுவரோரம் அதே ஸ்ட்ரெச்சர் சாத்தி வைத்திருந்தது.

"அழாதம்மா. அப்பாவத் தூக்கிக்கிட்டு வருவாவ."

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். நல்லது சொன்னதற்கு இதுவா என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

புயல் ஓய்ந்தபின் சில படகுகள் வந்தன. வேறு கரைகளில் ஒதுங்கியவர்கள் போனில் பேசினார்கள். அப்பாவின் படகில் போன யாரும் பேசவில்லை. கடைசியில் தேடப் போனவர்களும் வெறும் கையோடு திரும்பினார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்து, "தூக்கிக்கிட்டாவது கொண்டு வரக்கூடாதா" என்றாள்.

ஒருவழியாக அம்மா என் பேச்சை ஒப்புக்கொண்டாளே என்று எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது.