சத்தியபாய் சொன்ன ‘ஈசி, ஈசி’

சத்தியபாய் நான்காம் வகுப்பு வரைதான் படித்தாள். இங்கிலீஷில் அவளுக்குத் தெரிந்தது ‘ஸ்டெடி’, ‘காம் டவுன்’, ‘ஈசி, ஈசி’ மட்டுமே. எல்லாம் திருவட்டாற்றுப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த வெள்ளைக்காரத் துரைசாணியம்மாள் சொல்லக் கேட்டவை. பல் பிடுங்கும்போது ‘ஸ்டெடி’. பிள்ளைப்பேற்றுக்கு ‘ஈசி, ஈசி’. பன்னிரண்டு வருடம் கூடவே நின்று பேறுபார்க்கப் பழகிய சத்தியபாய் ஒருநாள் அதற்குப் பொருள் கேட்டாள்.

“பதறாதே என்று சொல்கிறேன், வேறொன்றுமில்லை” என்றார் அம்மாள்.

ஊர் ஜனம் அப்படி நினைக்கவில்லை. அந்த வார்த்தை காதில் விழாமல் ஒருவரும் மருந்து குடிப்பதில்லை. குப்பியைப் பிடித்துக்கொண்டு காத்தே நிற்பார்கள்.

கொல்லம் ஆண்டு 1107 (1932) சித்திரையில் அம்மாள் வெயிலுக்கு மலைக்குப் போயிருந்தார். நண்பகலில் மருமகள் அன்னக்கிளியை வண்டியில் கொண்டுவந்து இறக்கினாள் முத்துக்கனி. தலைப்பிரசவம். பிள்ளையின் தலை நேராகத்தான் இருந்தது. ஆனால் அன்னக்கிளி பயத்தில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள், மூச்சே விடவில்லை. இப்படியே போனால் தாய் தளர்ந்துவிடுவாள் என்று சத்தியபாய்க்குத் தெரிந்தது.

“ஏட்டி, தொரசாணிக்க மந்திரத்தச் சொல்லு” என்றாள் முத்துக்கனி.

“அது மந்திரம் இல்லக்கா.”

“ஒனக்கு வாய் நோவுதா? சொல்லுட்டி!”

பொய்யான நம்பிக்கைக்குத் துணைபோகலாமா என்று மனம் உறுத்தியது. ஆனாலும் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்: “ஈசி, ஈசி.”

வந்தது வினை. மந்திரம் பலிக்க வேண்டுமே என்று அன்னக்கிளி கண்ணை இறுக மூடி, இருந்த மூச்சையும் அடக்கிக்கொண்டாள்.

‘கர்த்தாவே, மன்னியும்’ என்று உள்ளுக்குள் சொல்லி, அவள் நெற்றியில் கைவைத்தாள் சத்தியபாய். “மக்கா, கண்ணத் தொற. நான் சொன்னது மந்திரம் ஒண்ணும் இல்ல. பேடிக்காத, பதறாத, பைய மூச்சு விடுன்னு அர்த்தம். அவ்வளவுதான்.”

அன்னக்கிளி கண் திறந்தாள். “அவ்வளவுதானா? இதச் சொல்லதுக்கா அந்தம்மா கப்பலேறி வந்தாவ?”

சத்தியபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்னக்கிளிக்கும் வந்தது. நோவோடு நோவாகச் சிரித்ததில் அடைத்த மூச்சு தானே வெளியே வந்தது, கட்டில் காலைப் பிடித்த கையும் விட்டது. அடுத்த நோவுக்குச் சத்தியபாய் சொன்னபடியெல்லாம் மூச்சு விட்டாள். வெயில் தாழ்வதற்குள் பெண் குழந்தை பிறந்து வீறிட்டது.

“எல்லாம் அய்யா காத்த காப்பு” என்று தன் சாமியைக் கும்பிட்டாள் முத்துக்கனி. பிறகு சத்தியபாயை ஓரக்கண்ணால் பார்த்தாள். “அர்த்தத்தோட சொன்னாத்தான் மந்திரம் பலிக்கும்ணு மொதல்லயே சொல்லப்பிடாதாட்டி?”

சத்தியபாய் தலையில் அடித்துக்கொண்டு, குழந்தையைத் துடைத்து முத்துக்கனியின் மடியில் வைத்தாள். அன்றுமுதல் பயந்து வருகிற பெண்களிடம் தமிழில்தான் முதலில் பேசினாள். மந்திரம் பலித்ததை முத்துக்கனி ஊரெல்லாம் சொல்லி வைத்ததால், கூட வருகிறவர்களுக்காக இங்கிலீஷையும் ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது.