அலை இல்லாத இடம்

அன்று போனவர்கள் இவர்கள். நான். என் மனைவி. கோயம்புத்தூர் பட்டறையில் என் பக்கத்து லேத்தில் ஏழு வருடம் நின்ற தர்மபுரிக்காரன். அவன் மனைவி. அதே பட்டறையில் வெல்டிங் பார்த்த ஆத்தூர்க்காரன். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, தனியாக வந்தான்.

நான் பட்டறையை விட்டு ஊருக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. இப்போது தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் வேலை. கோயம்புத்தூரில் இருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஊர்க் கடலைப் பற்றித்தான் பேசுவேன். வேறு பெருமை எனக்கு இல்லை. பேசப் பேச, அவர்கள் என்னைக் கடற்கரையிலேயே பிறந்தவன் என்று நினைத்துக்கொண்டார்கள். எங்கள் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. வீடு ஊருக்குள்ளே, சாரத்தில். கடலுக்குப் போனால் சுண்டல் தின்றுவிட்டு வருவோம். முழங்காலுக்கு மேல் நான் தண்ணீரில் இறங்கியதே இல்லை. அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

அரையாண்டு லீவு சமயம். சனிக்கிழமை வந்தார்கள். ஞாயிறு காலை ஒரு ஆட்டோ பேசி, என் மனைவி கட்டிய எலுமிச்சை சாதத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

முதலில் கடற்கரைச் சாலை. காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், எல்லாம் காட்டினேன். தர்மபுரிக்காரன் மனைவி அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்க்கிறாள். அவள் சிலையைப் பார்க்கவில்லை. புருஷன் சட்டையைப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போதும் இப்படித்தான் கத்துமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது பொய். அன்று சத்தம் கூடுதலாக இருந்தது. தண்ணீர் சேற்று நிறத்தில் இருந்தது. வாடைக்காற்று வேட்டியைக் காலோடு சுற்றியது.

பழைய பாலம் பாதி இடிந்து தண்ணீருக்குள் கிடந்தது. யார் இடித்தது என்று ஆத்தூர்க்காரன் கேட்டான். கடல்தான் என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

தர்மபுரிக்காரனுக்குக் குளிக்க வேண்டும். அவன் நல்ல நீச்சல்காரன். அவர்கள் பக்கம் கிணற்றில் மோட்டார் குழாயின் அடிமுனையில் உள்ள புட்வால்வு அடைத்துக்கொண்டால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு அடி வரைக்கும் இறங்கிச் சரி செய்துவிட்டு வருவான். கடற்கரைச் சாலையில் எல்லாம் கல். அதனால் வடக்கே ஒரு மீனவர் குப்பத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே மணல் உண்டு. மணலை ஒட்டித் தூண்டில் வளைவும் உண்டு. கரை அரிக்காமல் இருக்கக் கருங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருப்பார்கள், அதற்கு அந்தப் பெயர்.

படகு எல்லாம் மேட்டில் ஏற்றிக் கிடந்தது. ஒன்றுகூடக் கடலில் இல்லை. பார்த்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா தலையைத் தூக்கினாள்.

"எந்த ஊருப்பா நீங்க?"

"இந்த ஊருதாம்மா. சாரம்."

"அப்ப ஒங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இடது பக்கம் அலை ஆள் உயரத்துக்கு எழும்பி உடைந்தது. குப்பத்துப் பிள்ளைகள் அதில்தான் விழுந்து புரண்டு குளித்தார்கள். வலது பக்கம், கல்லை ஒட்டி, அலையே இல்லை. ஏரித் தண்ணீர்போலக் கிடந்தது. கொஞ்சம் கறுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"எங்க எறங்குனா பயமில்லண்ணா?" என்று தர்மபுரிக்காரன் மனைவி கேட்டாள்.

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"அங்க. கல்லோரமா. அலையே இல்ல பாரு."

"கெணறு மாதிரி இருக்குது" என்றான் தர்மபுரிக்காரன். சட்டையைக் கழற்றினான். போனையும் வாட்சையும் பெண்டாட்டி கையில் கொடுத்தான்.

"அடியில புட்வால்வு இருந்தா பாத்து மாட்டிட்டு வாடா" என்றான் ஆத்தூர்க்காரன்.

தர்மபுரிக்காரன் சிரித்துக்கொண்டே இறங்கினான். முழங்கால். இடுப்பு. அதற்குப் பிறகு அவன் நடக்கவில்லை. முகம் எங்கள் பக்கம் இருந்தது, ஆள் பின்னால் போய்க்கொண்டிருந்தான். கையைத் தூக்கினான். விளையாடுகிறான் என்று ஆத்தூர்க்காரன் கை தட்டினான். அவன் கரையைப் பார்த்து நேராக நீந்தத் தொடங்கினான். பலமாக அடித்தான். அடிக்க அடிக்கத் தூரம்தான் கூடியது. கூப்பிடவே இல்லை.

என் மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது.

"அவரு வரலைங்க. போறாரு."

நான் ஓடினேன். முழங்கால் தண்ணீர் வரை போனேன். அங்கேயே நின்றுவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கால் அதற்கு மேல் போகவில்லை.

நான் திரும்பிப் பார்க்கும் முன்னே கருவாட்டு அம்மா வீடுகள் பக்கம் கத்திக்கொண்டு ஓடினாள். இரண்டு பேர் கயிறும் காலி கேனுமாக வந்தார்கள். கல் மேலேயே கடைசி வரை ஓடிக் குதித்தார்கள். அவன் தலை தெரிந்தது. மறைந்தது. தெரிந்தது. பிறகு ரொம்ப நேரம் தெரியவில்லை. அவன் மனைவி அழவில்லை. போனும் வாட்சும் இருந்த கையை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

போன வழியில் அவனைக் கொண்டுவரவில்லை. பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், பிள்ளைகள் குளித்த இடத்துக்கு நேராக வந்தார்கள். அலையே மூன்று பேரையும் கரையில் கொண்டுவந்து தள்ளியது. அவன் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. ஒருக்களித்துப் போட்டதும் தண்ணீரும் மணலுமாக வந்தது. மூச்சு ரம்பம் அறுப்பதுபோல இழுத்தது.

குதித்தவர்களில் ஒருவர் என்னிடம் வந்தார்.

"அலை ஒடையாத எடத்துலதான் தண்ணி வெளிய இழுக்கும். அங்க யாரு எறங்கச் சொன்னது?"

என்னைப் பார்த்தார். பெண்களையும் பார்த்தார். அதோடு விட்டுவிட்டார்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நுரையீரலில் தண்ணீர் என்றார்கள். நாளைக்குத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள். அவன் மனைவி ஊருக்குப் போன் பேசினாள். ஒவ்வொரு போனிலும் ஒரே பேச்சு. அந்த அண்ணன் கூட இருந்ததால் பிழைத்தார், கடல் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் அங்கேயே போயிருப்பார். மாமியாருக்குச் சொன்னாள். தம்பிக்குச் சொன்னாள். நான் அதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஆக்சிஜனை எடுத்தார்கள். இட்லி வாங்கிப் போனேன். மூன்று பேரும் இருந்தார்கள். பொட்டலத்தை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அந்த எடத்தக் காட்டுனது நான். எனக்குக் கடல் தெரியாது. மொழங்காலுக்கு மேல எறங்குனதே கெடையாது."

அவன் மேலே சுற்றிய காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். குரல் இன்னும் சரியாகவில்லை.

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா, கரையில ஒக்காந்து எலுமிச்ச சாதம் தின்னுருப்பேனேடா."

ஆத்தூர்க்காரன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். தர்மபுரிக்காரன் மனைவிக்குப் போன் வந்தது. எழுந்து வெளியே போய்ப் பேசினாள்.

ஐந்தாம் நாள் பஸ் ஏறினார்கள். அவள் என் மனைவியிடம் போய்ட்டு வரேன் என்றாள். என்னிடம் சொல்லவில்லை. அவன் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினான். அதற்குப் பிறகு வரவில்லை.

அடுத்த ஞாயிறு நான் மட்டும் குப்பத்துக்குப் போனேன். கருவாட்டு அம்மா, அந்தப் பிள்ளை இருக்குதா என்று கேட்டாள். இருக்கிறான் என்றேன். கல்லோரம் அன்றைக்கும் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நான் காட்டிய இடத்துக்கு நேராக மணலில் நின்றேன். அங்கிருந்து பிள்ளைகள் குளிக்கும் இடம் வரை காலடியை எண்ணிக்கொண்டே நடந்தேன்.

நாற்பத்தொன்று.