துருக்கி வெந்நீரும் குசைஸ் ஹீட்டரும்

லீவுல துருக்கி பாமுக்கலே போய்ட்டு, இன்னைக்குத்தான் துபாய் அல் குசைஸ் ரூமுக்குத் திரும்புனேன்.

வெந்நீர் ஊற்றுல நான் நிக்கிற போட்டோவ ரூம்மேட் செல்வம் அண்ணன்கிட்ட காட்டுனேன். "பூமிக்குள்ளேருந்தே சூடா வருதுண்ணே!"

"நம்ம பைப்புலயும் அப்படித்தானே தம்பி வருது? இதுக்கு விசா வேறயா?"

அடுத்த போட்டோ, ரோமானியர் காலத்து இடிபாடு. கட்டட சைட்ல சாரம் கட்டுற மனுஷன், உத்துப் பாத்தாரு. "கான்ட்ராக்டர் ஓடிட்டானா?"

கடுப்புல கொஞ்ச நேரம் படுத்துட்டு, குளிக்கப் போனேன். ஜூலை மாசம் மொட்டைமாடி டேங்க் தண்ணி கொதிக்கும். அதனால ஹீட்டர அணைச்சு வச்சிருப்போம். பாத்ரூம் ஹீட்டருக்குள்ள ஆறிக் கெடக்குற தண்ணிதான் எங்களுக்குப் பச்சத்தண்ணி. இன்னைக்கு அதுவும் கொதிச்சுது.

வெளியேருந்து அண்ணன் குரல்: "உனக்குத்தான் வெந்நீர் புடிக்குமே! ஹீட்டர் தண்ணிய நாங்களே குளிச்சு முடிச்சிட்டோம்."

உங்க ரூம்ல யாராச்சும் துருக்கி போறாங்களா? திரும்பி வந்ததும் மொதல்ல குளிச்சிட்டு, அப்புறமா போட்டோ காட்டச் சொல்லுங்க.