தாழ்ப்பாள் இல்லாத வீடு

அந்த வீட்டில் அறைக் கதவு எதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. குளிக்கப் போகிறவர் கதவின் மேல் ஒரு துண்டைப் போட வேண்டும். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். விருந்தாளிகள் முதல் நாள் திருதிருவென்று விழிப்பார்கள், மறுநாள் துண்டைத் தேடுவார்கள்.

வீட்டுக்காரியைத் தையல் கம்பெனியில் காஜா அக்கா என்பார்கள். காஜா, அதாவது சட்டைக்குப் பொத்தான் துளை, தைப்பது அவள் வேலை. பதினான்கு வருடங்களுக்கு முன்பு வேறொரு கம்பெனியில் அவள் இருந்தபோது தீப்பிடித்தது. துணி திருட்டுப் போகக் கூடாதென்று மூன்றாம் மாடிக் கதவை மேற்பார்வையாளர் வெளியே தாழிட்டு வைத்திருந்தார். பதினோரு பேர் பிழைக்கவில்லை. இவள் ஜன்னல் வழியாகக் குதித்து, இடுப்பு முறிந்து, பிழைத்தாள்.

அதன்பின் அவள் அழுததில்லை. நாத்தனார் கல்நெஞ்சுக்காரி என்றாள். அவளும் அப்படித்தான் நம்பினாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கோபம்தான். லிஃப்ட் நின்றால் கோபம். பஸ்ஸில் கதவருகே இடம் கிடைக்காவிட்டால் கோபம். கோபக்காரி என்று பெயர் வாங்கிவிட்டால் ஒரு வசதி, அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. அவளும் தன்னை விசாரித்துக்கொண்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினாறு வயது மகள் வந்து நின்றாள்.

"என் ரூமுக்குத் தாழ்ப்பாள் வேணும். இல்லன்னா நான் சித்தி வீட்டுக்கே போயிடறேன்."

"அப்படி என்னடி மறைக்கப் போற?"

"ஒண்ணுமில்ல. அதைத்தான் நிம்மதியா மறைக்கணும்."

பேச்சு விளையாட்டாக இருந்தாலும் பை பாதி அடுக்கியிருந்தது. போனால் திரும்ப மாட்டாள் என்று அம்மாவுக்குப் பட்டது. மதியமே தச்சரை வரவழைத்தாள். வந்தவரிடம் சிடுசிடுவென்று எரிந்து விழுந்தாள்.

"வீடு பூரா தூளாக்கிட்டீங்களே!"

"மரத்துல துளை போட்டா தூள்தாம்மா வரும், பூவா கொட்டும்?" அசராமல் சொன்ன தச்சர் இரண்டு தாழ்ப்பாள்களை எடுத்து வைத்தார். "உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. எல்லா வீட்டுலயும் அப்படித்தான்."

அவள் ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டினாள். இத்தனை வருடமாகத் தாழ்ப்பாள் என்ற பொருளையே வெறுத்து வந்திருக்கிறாள். எந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள் என்று யோசித்ததே இல்லை.

"வெளிய வேண்டாம்," என்றாள். "உள்ள மட்டும் போடுங்க. போடறவளே திறக்கற மாதிரி."

இதைத் தெளிவு என்று கொண்டாடுவதற்கில்லை. அறிவு ஒப்புக்கொண்டதை உடம்பும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. மாலையில் மகள் முதல்முறையாகத் தாழிட்டாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அம்மா கதவின் முன் வந்து நின்றாள்.

"இன்னும் என்னடி பண்ற உள்ள? பாத்திரம் எல்லாம் அப்படியே கிடக்கு!"

"அம்மா, அதெல்லாம் நீ அப்பவே கழுவிட்ட."

உண்மைதான். வேறு காரணம் தேடினாள்; எதுவும் அகப்படவில்லை. தட்ட ஓங்கிய கையைப் பார்த்தாள். இன்னொரு கையால் தொட்டுப் பார்த்தபோது ஐஸாகக் குளிர்ந்திருந்தது. கோபக்காரியின் கை இப்படியா இருக்கும்?

"பயமா இருக்குடி," என்றாள். சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. "திறக்கட்டுமா?"

அவள் ஓங்கிய கையைக் கீழே இறக்கினாள்.

"வேண்டாம். சத்தமா படி."

மகள் வேதியியல் பாடத்தைக் கத்திக் கத்திப் படிக்க ஆரம்பித்தாள். அம்மா தரையில் உட்கார்ந்து கதவில் சாய்ந்துகொண்டாள். அமிலமும் உப்பும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையின் குளிரும் போகவில்லை. ஆனால் பாடம் முடியும்வரை அவள் கதவைத் தட்டவில்லை.