சத்தத்தை அணைத்த கை

1. வென்டிலேட்டர் அலறியது.
2. நான் சத்தத்தை அணைத்தேன்.
3. திரையில் எண்களைப் பார்த்தேன், பொத்தான்களை அழுத்தினேன்.
4. பொம்மை இறந்துபோனது.

நல்லவேளை, பொம்மை. எங்கள் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ்களுக்கு நடந்த பயிற்சியில் அதுதான் நோயாளி. சுவாசக் குழாய் போர்வைக்கு அடியில் கழன்று கிடந்திருக்கிறது. நான் பொம்மையின் பக்கம் திரும்பவே இல்லை.

"மெஷினுக்கு வைத்தியம் பாத்துட்ட. ஆள யாரும்மா பாக்கறது?" என்றார் பயிற்சி கொடுத்த மேடம்.

சனிக்கிழமை மறுதேர்வு. தேறினால்தான் வென்டிலேட்டர் நோயாளியைத் தனியாகப் பார்க்க விடுவார்கள். இல்லையென்றால் அடுத்த பயிற்சி வரைக்கும் இன்னொருவருக்குத் துணைதான்.

இரண்டு வருடம் அலாரங்களுக்கு நடுவே வேலை செய்தால் கை தானாக அணைக்கப் போய்விடுகிறது. அன்று புதுச்சேரி சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் குக்கர் முதல் விசில் அடித்ததுமே அடுப்பை அணைத்துவிட்டேன்.

"இன்னும் மூணு விசில் இருக்குடி! பருப்பு வேவல," என்று கத்தினாள் அம்மா.

கூடப் பயிற்சிக்கு வந்த தோழிக்கு இந்தத் தொல்லை இல்லை. அவள் அம்மா தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவர்.

"ஏலத்துக் கூச்சல்ல வளந்தவடி நானு. எங்கம்மா கத்தறவன திரும்பிக்கூடப் பாக்காது, மீனத்தான் பாக்கும். நீ என்னடான்னா கத்தறவன் வாயப் பொத்தப் போற."

சனிக்கிழமை காலை அவளே என் வலது புறங்கையில் பிளாஸ்திரி ஒட்டி, 'ஆளைப் பார்' என்று எழுதினாள். மருந்து ஊசி முதல் சாப்பாட்டு டப்பா வரை எல்லாவற்றிலும் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டுவது எங்கள் வழக்கம்.

மேடம் உள்ளே வந்ததும் பார்த்துவிட்டார்.

"கையில என்னது அது? உரிச்சுப் போட்டுட்டு கை கழுவிட்டு வா."

தொற்று பரவும் என்று எங்கள் பிரிவில் மோதிரம்கூடப் போட விடமாட்டார்கள். தினமும் கடைப்பிடிக்கிற விதி. எங்கள் இருவருக்குமே மறந்துபோயிருந்தது.

அலாரம் அடித்தது. வெறுங்கை பாதி தூரம் போனது. அங்கேயே நிறுத்திக்கொண்டு போர்வையை விலக்கினேன். பொம்மையின் மார்பு ஏறவில்லை. குழாய் தோளுக்கு அடியில் மடங்கியிருந்தது. எடுத்து நேராக்கினேன். மார்பு ஏறியது, சத்தம் தானாக நின்றது.

"கை போச்சே?" என்றார் மேடம்.

"பாதிதான் போச்சு மேடம்."

பேனாவால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

இப்போது வென்டிலேட்டர் படுக்கை ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. குக்கரை அம்மா இன்னும் என்னிடம் ஒப்படைக்கவில்லை.